மீசை முளைக்காத மூன்று மீன்கள்

அந்த ஆறு மீன் குஞ்சுகளையும் நானும் அவனும் வரக்காப்பொலயில் ஒரே கடையில், ஒரே பையில்தான் வாங்கினோம். பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தது நான். அவன் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கரவனெல்ல வரும்வரை தூங்கினான். வீட்டுக்கு வந்து ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். பிரித்ததும் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் அவன்மேல் கோபம் வந்த நாட்களிலெல்லாம், அவன்தான் பிரித்து என்னை ஏமாற்றிவிட்டான் என்பதுபோல நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் என் கூட்டாளி. இருவரும் தெரணியகலைப் பக்கத்து றப்பர் தோட்டம் ஒன்றில், ஒரே லயத்தின் வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள். சாதாரண தரப் பரீட்சையோடு அவன் படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்து றப்பர் பால் ஏற்றும் பவுசர் ஓட்டப் போனான். நான் உயர்தரம் எழுதி, காத்திருந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியார் ஆனேன். கல்யாணமானதும் ரோட்டோரமாக ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டேன். அவன் இன்னும் லயத்தில்தான், கடைசி அறையான தொங்கல் காம்பராவைக் கொஞ்சம் நீட்டிக் கட்டிக்கொண்டு இருக்கிறான். தோட்டம் முழுக்க என்னை 'சேர்' என்று கூப்பிடும். அவன் மட்டும் 'டேய்' என்பான்.

பொறாமை மீனிலிருந்து தொடங்கியது என்று சொன்னால் அது பொய். சின்ன வயதில் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா அவன் கேட்காமலே ஒரு கருவாட்டுத் துண்டைச் சட்டியின் அடியிலிருந்து எடுத்து அவன் தட்டில் வைப்பார். நான் கேட்டு, விண்ணப்பம் எழுதி, நாள் எண்ணி வாங்கிய ஒவ்வொன்றும் அவனுக்குச் சும்மா வந்ததுபோலத் தோன்றும். ஒரே நாளில் வைத்த ரம்புட்டான் கன்றுகளில் அவனுடையது மூன்றாம் வருடமே காய்த்தது. என்னுடையது பூத்துப் பூத்துக் கொட்டியது. அவனுக்கு இதெல்லாம் தெரியாது. பழம் பறித்ததும் முதல் பை எனக்குத்தான் வரும். அதையும் நான் கொஞ்சம் கசப்போடுதான் தின்பேன்.

மீன் வளர்ப்பது என்னுடைய யோசனை. தொட்டியில் பாசி தின்ன விடுகிற தட்டையான மீனை எல்லோரும் பார்த்திருப்பார்கள், டேங்க் கிளீனர் என்போம். அதில் ஒரு சின்ன இனம் உண்டு. உள்ளங்கை நீளத்துக்குமேல் வளராது. கறுப்பும் மண்ணிறமுமான உடம்பில் மஞ்சள் புள்ளிகள், வயிற்றுப் பக்கம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிற வட்ட வாய். ஆண் வளர்ந்ததும் அதன் மூஞ்சியில் கிளைவிட்ட தடித்த மயிர்போலச் சதை முளைக்கும். கடைக்காரர் சிங்களவர். அவர் அதை 'ரெவுல் மாளு' என்றார், தாடி மீன் என்று அர்த்தம். நாங்கள் மீசை மீன் என்று வைத்துக்கொண்டோம். குஞ்சாக இருக்கும்போது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது மஹத்தயா, ஏழெட்டு மாதம் போக வேண்டும் என்று அவர் சிங்களத்தில் சொன்னார். நான் தலையாட்டினேன். யூடியூபில் எல்லாம் பார்த்து முடித்திருந்தேன். அவன், "ஆறுல ஒண்ணாச்சும் ஆம்பளையா இருக்கும்டா, வா" என்று பையை வாங்கி என் கையில் தந்தான்.

என் தொட்டி இரண்டரை அடி. பக்கத்திலேயே ஒரு கொப்பி வைத்திருந்தேன். தண்ணீரின் சூடு, மாற்றிய நாள், போட்ட தீனி எல்லாம் அதில் இருக்கும். இந்த மீன் மரத்தைச் சுரண்டித் தின்னும் என்பதால் ஆற்றில் ஒதுங்கிய கட்டை ஒன்றைக் கொண்டுவந்து, இரண்டு நாள் அவித்து, சாயம் போனபின் போட்டேன். முட்டையிட இருட்டான பொந்து வேண்டும். சிரட்டையில் ஒன்று, மூங்கிலில் ஒன்று என்று இரண்டு வைத்தேன். அவன் எங்கிருந்தோ ஒரு பழைய தொட்டியைக் கொண்டுவந்து, வெடிப்பைப் பசை போட்டு அடைத்து, மலையிலிருந்து குழாயில் விழுகிற பீலித் தண்ணீரை வாளியில் பிடித்து அப்படியே ஊற்றினான். கழிவுத் தண்ணீர் ஓடுகிற கானில் கிடந்த உடைந்த மண் குழாய்த் துண்டு ஒன்றைக் கழுவி உள்ளே போட்டான். அவ்வளவுதான்.

"பீலித் தண்ணி ரொம்பக் குளிருமேடா, வாளில ஒரு நாள் வச்சு ஊத்து" என்றேன்.

"நாமளும் அந்தத் தண்ணியிலதானே குளிக்கிறோம், செத்தா போய்ட்டோம்?" என்றான்.

எட்டாவது மாதம் ஒரு பின்னேரம், பால் வாடை அடிக்கிற சட்டையோடு பவுசரிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றே கத்தினான்.

"டேய், ஒருத்தனுக்கு மீசை வந்துருச்சுடா!"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். குழாயின் வாயில் தலையை நீட்டிக்கொண்டு ஒன்று கிடந்தது. நெற்றியிலும் மூக்கிலும் சின்னச் சின்ன முளைகள். மற்ற இரண்டுக்கும் மூஞ்சி மொழுமொழுவென்று இருந்தது. ஒரு ஆண், இரண்டு பெண். கேட்டு வாங்கினாலும் அப்படி அமையாது.

"ஒன்னோடதுக்கு?" என்றான்.

"இன்னும் பாக்கல" என்றேன். தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் டோர்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்காருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மூன்றும் கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு வயிற்றைக் காட்டும். நான் மூக்கைப் பார்ப்பேன். வழவழவென்று இருக்கும். என் மனைவி தேநீரை வைத்துவிட்டு, "பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி தெனம் இப்படி மொறச்சுப் பாத்தா அதுங்க வெக்கப்படாதா?" என்பாள். ஒன்பது மாதம், பத்து மாதம் போனது. மூன்றும் நன்றாகக் கொழுத்தன. மூன்றும் பெண். கொப்பியில் அதை எழுதவே எனக்குக் கை வரவில்லை.

அவனுடையது முட்டையிட்டது. மழை விடாமல் அடித்த வாரம் அது. மழையில் பால்வெட்டு இல்லை, பவுசரும் ஓடாது. சும்மா இருக்கிறோமே என்று அவன் பீலியிலிருந்து இரண்டு வாளி பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் மாற்றியிருக்கிறான். இந்த மீனுக்குக் குளிர்ந்த தண்ணீர் பட்டால் மழைக்காலம் வந்துவிட்டது என்று தோன்றி முட்டையிடும். அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. தெரியாமலே செய்துவிட்டான்.

என்னைக் கூட்டிப்போய்க் காட்டினான். மண் குழாய்க்குள் செம்மஞ்சள் சாயத்தில் ஊறிய ஜவ்வரிசிபோல ஒரு கொத்து ஒட்டியிருந்தது. அதன்மேல் குடைபிடித்ததுபோல ஆண் மீன் படுத்துக்கொண்டு, இரண்டு பக்கச் செட்டையையும் விடாமல் வீசிக்கொண்டிருந்தது. முட்டைக்குக் காற்றோட்டம் கொடுப்பது அதன் வேலை. பெண் முட்டையைப் போட்டுவிட்டுப் போய்விடும். மற்றதெல்லாம் அப்பன்தான்.

"பாத்தியாடா, திங்கக்கூட வெளிய வரமாட்டேங்கிறான். அம்மாக்காரி அந்தா பூசணித் துண்டத் தின்னுக்கிட்டு திரியிறா. இவன் இங்கயே கெடக்கான்."

நான் ஒரு வருடமாகப் படித்து வைத்திருந்ததை அவன் எனக்கு விளக்கினான். நான் "அப்படியா" என்றேன்.

குஞ்சுகள் வந்து ஒரு மாதத்தில் தொட்டிக் கண்ணாடி முழுக்க எள்ளைத் தூவியதுபோல ஆனது. லயத்துச் சனம் ஒவ்வொருவராக வந்து பார்த்தது. கேட்டவருக்கெல்லாம் சமோசா வாங்குகிற பொலித்தீன் பையில் நாலு, ஐந்து என்று பிடித்துக் கொடுத்தான். தோட்டத்துக் காவல்கார சிங்களவர் அவனை 'மாளு பாஸ்' என்று கூப்பிடத் தொடங்கினார். மீன் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் அதிபர் என்னைக் கூப்பிட்டார். ஏதோ பாடத்திட்ட விஷயம் என்று போனேன்.

"சேர், ஒங்க கூட்டாளிக்கிட்டச் சொல்லி எனக்கும் ஒரு நாலு குஞ்சு எடுத்துத் தாங்களேன். அவருக்கு மீனப் பத்தி நல்லாத் தெரியுமாமே."

சரி சேர் என்று வந்துவிட்டேன். வகுப்பில் அன்று எதற்கோ பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன்.

இரண்டாவது தடவையும் அவன் தொட்டியில் குஞ்சு பொரித்தபின், அவனாகவே ஒரு நாள் சொன்னான்.

"டேய், ஒனக்கு மூணுமே பொம்பளதானே. எங்காள ஒரு மாசம் கொண்டு போய் வச்சுக்கடா. வேல முடிஞ்சதும் தா."

இவ்வளவு சுலபமாக முடிந்திருக்க வேண்டிய கதை இது. அவன் வாளியைக்கூடக் கையில் எடுத்துவிட்டான். ஆனால் என் தொட்டியில் பிறக்கப் போகிற குஞ்சுகளும் அவனுடைய ஆணால் வந்தவை என்று தோட்டம் பேசும், அவனே பேசுவான், சிரித்துக்கொண்டு பேசுவான் என்று என் மனம் அந்த நிமிடத்திலேயே கணக்குப் போட்டுவிட்டது.

"வேணாம்டா. என்னோடதுலயும் ஒண்ணுக்கு லேசா மொளைக்கிற மாதிரி இருக்கு" என்றேன்.

"அட, நெசமாவா! பிந்தி வருது போல" என்று சந்தோஷப்பட்டான்.

ஆவணித் திருவிழாவுக்கு அவன் குடும்பம் வருடா வருடம் மடு மாதா கோயிலுக்குப் போகும். அவர்கள் வேதக்காரர்கள். அந்த வருடமும் வேன் பிடித்து, பாய், சட்டி பானை எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு கிழமைக்குப் புறப்பட்டார்கள். எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. புறப்படும் காலையில் வீட்டுச் சாவியை என்னிடம் தந்தான்.

"முந்தாநேத்துத்தான் முட்ட போட்டிருக்கு. அப்பன் உள்ள இருக்கான், அவன ஒண்ணும் பண்ணாத. மத்ததுங்களுக்கு ஒரு துண்டு வெள்ளரிக்காயோ பூசணியோ போடு, அது போதும். கரண்ட் போய் வந்தா மோட்டர் ஓடுதான்னு மட்டும் பாரு."

அவன் மனைவி வேனுக்குள்ளிருந்து, "அண்ணே இருக்காங்கல்ல, நீங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

முதல் நாள் வெள்ளரிக்காயைப் போட்டுவிட்டு, குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். முன்னைவிடப் பெரிய கொத்து. இரண்டாம் நாள் போகும்போது ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை வீட்டிலிருந்து கையில் எடுத்துக்கொண்டு போனேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்றே தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. டப்பாவைக் கழுவித் துடைத்துக்கொண்டு போனேன்.

அவன் வீட்டு முன்னறையில் யாருமில்லை. வெளியே மழை தகரத்தில் கொட்டியது. இது அவனுக்கு மூன்றாவது தடவை, ஒன்று போனால் அவனுக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். கேட்டால் அவனே தந்திருப்பான் என்றும் நினைத்தேன். அதுதான் எனக்குப் பிடிக்காமலிருந்தது.

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு குழாயைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்தேன். ஆண் மீன் போகவில்லை. முள்ளை விரித்துக் குழாயின் சுவரில் தன்னை இறுக்கிக்கொண்டது. மெல்ல உலுக்கினேன். மீண்டும் உலுக்கினேன். விரலை உள்ளே விட்டேன். விரலை அது முட்டித் தள்ளியது. கடைசியில் குழாயைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டியபோதுதான் விழுந்தது. முட்டைக் கொத்து அடியில் ஒட்டியிருந்தது. நகத்தால் நெம்பினேன், மொத்தமாகக் கையோடு வந்தது. தொட்டித் தண்ணீரிலேயே டப்பாவை நிரப்பி அதில் போட்டு மூடினேன். குழாயைப் பழைய இடத்தில் வைத்தேன்.

வீட்டில் டப்பாவை என் தொட்டியில் மிதக்கவிட்டு, அதற்குள் காற்றுக் குழாய் ஒன்றை இறக்கினேன். அப்பன் செட்டையால் செய்வதைக் குமிழி செய்யும். இதெல்லாம் கொப்பியில் எப்போதோ எழுதி வைத்ததுதான். மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னாங்க இது?"

"நம்ம மீன் முட்ட போட்டிருக்கு."

"மூணும் பொம்பளன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒண்ணு ஆணு போல. எனக்குத்தான் சரியாத் தெரியல."

அவள் டப்பாவைப் பார்த்தாள். நனைந்திருந்த என் குடையைப் பார்த்தாள். சமையல் பக்கம் போய்விட்டாள். அவள் நம்பினாளா இல்லையா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை.

மறுநாள் வெள்ளரிக்காய் போடப் போனபோது டோர்ச் அடிக்க மனமில்லை. அடித்தேன். ஆண் மீன் குழாய்க்குள் திரும்பவும் போய், அதே இடத்தில் படுத்துக்கொண்டு செட்டையை வீசிக்கொண்டிருந்தது. கீழே ஒன்றுமில்லை. வெறும் மண் ஓடு. அதற்கு மறுநாளும் அப்படியே வீசிக்கொண்டிருந்தது. ஐந்தாம் நாள் வெளியே வந்து வெள்ளரிக்காயில் வாயை வைத்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. என்னை யாரோ மன்னித்துவிட்டார்கள் என்பதுபோல வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன்.

டப்பாவில் சில முட்டைகள் வெள்ளை பூத்துக் கெட்டன. அவற்றைச் சிறகுத் தண்டால் தள்ளி எடுத்தேன். மற்றவை பொரித்தன. வயிற்றில் மஞ்சள் மூட்டையோடு, வால் மட்டும் துடிக்கிற குஞ்சுகள். அன்று முழுக்க நான் தொட்டியை விட்டு நகரவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். அது திருட்டுச் சந்தோஷம் என்று தெரிந்தும் அது குறையவில்லை.

அவன் மடுவிலிருந்து வந்த அன்றே என்னைத் தேடி வந்தான். பனங்கட்டி ஒரு ஓலைக் குட்டானும், மடு மண் ஒரு பொட்டலமும் தந்தான். வீட்டைச் சுற்றித் தூவினால் பாம்பு வராது என்பார்கள். எங்கள் தோட்டத்தில் இந்துக் கோயிலுக்குப் போகிற நாங்களும் அதை நம்புகிறவர்கள்தான்.

"முட்டையக் காணோமேடா?" என்றான்.

பதில் தயாராக இருந்தது. ஒரு கிழமையாகச் சொல்லிப் பார்த்த பதில்.

"ரெண்டாம் நாளே இல்லடா. அவன்தான் தின்னுருப்பான் போல. நீ போற எடத்துல எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்."

"தின்னுட்டானா? அவன் திங்க மாட்டானேடா." அவன் முகம் சுருங்கியது. நம்பாத முகமில்லை அது. நெருங்கிய சொந்தக்காரனைப் பற்றிக் கூடாத செய்தி கேட்டவன் முகம்.

இருவருமாக அவன் வீட்டுக்குப் போனோம். அவன் கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்து வெகுநேரம் அந்த மீனைப் பார்த்தான். பிறகு திட்டினான். "ஏன்டா நாயே, ஒம் புள்ளையத் தின்னியாடா?" என்று உண்மையான கோபத்தோடு திட்டினான். நான் பின்னால் நின்றேன்.

வரக்காப்பொலக் கடைக்காரருக்கு ஃபோன் பண்ணிக் கேட்டிருக்கிறான். முட்டை தின்று ருசி கண்ட ஆண் திரும்பத் திரும்பத் தின்னும், மாற்றிவிடுங்கள் என்று அவர் சொன்னாராம். என்னிடமும் கேட்டான். ஆமாடா, பழகிட்டா விடாது என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான். கடையில் கொடுத்துவிட்டு அதற்குப் பதில் கொஞ்சம் கப்பி மீன் வாங்கி வந்தான்.

"பையிக்குள்ள இருந்து பாத்துக்கிட்டே வந்தான்டா" என்றான். "என்னமோ மாதிரி இருந்துச்சு."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடைக்கு அடுத்த நாளே போயிருந்தால் மீனும் கிடைத்திருக்கும். நான் அவனுக்குப் பிளேன்டீ போட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து, பீலியில் என் மனைவி அவன் மனைவியிடம் எங்கள் வீட்டில் மீன் குஞ்சு நிறைய இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டாள். பேச்சோடு பேச்சாகத்தானா என்பதையும் நான் கேட்டதில்லை. அன்று பின்னேரமே அவன் வந்தான். வரும்போதே சிரிப்பு.

"ஏன்டா, சொல்லவே இல்லியே! ஒங்காளுக்கு மீசை வந்துருச்சா? எங்க, காட்டு காட்டு."

தொட்டிக்கு முன்னால் குந்தினான். கண்ணாடியில் குஞ்சுகள் அப்பியிருந்தன. "அடேயப்பா" என்றான். ஒவ்வொன்றாக விரலால் காட்டி ரசித்தான். பிறகு பெரியவற்றைத் தேடினான். ஒன்று கட்டைமேல் இருந்தது. ஒன்று மூங்கில் பக்கத்தில். மூன்றாவது முன் கண்ணாடியிலேயே, அவன் முகத்துக்கு நேராக. அவன் மூன்றின் மூக்கையும் பார்த்தான். சிரட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தான். மூங்கிலுக்குள் குனிந்து பார்த்தான்.

"அப்பன் எங்கடா?" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். செத்துப்போச்சு என்று சொல்லலாம். ஆனால் அவன் மூன்று தந்திருந்தான், இல்லை, நான் மூன்று எடுத்திருந்தேன், மூன்றும் அவன் கண்ணுக்கு முன்னால் இருந்தன. அவன் திரும்பக் கேட்கவில்லை. மனைவி தேநீர் கொண்டுவந்தாள். வாங்கிக் குடித்தான், முழுவதும் குடித்தான். குவளையைக் கீழே வைத்துவிட்டு, "பவுசர் கழுவணும்" என்று எழுந்து போனான்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வரக்காப்பொலக்குப் போனேன். கடையில் மீசை முளைத்த ஆண்கள் மூன்று ஒரே தொட்டியில் கிடந்தன. அவனுடையது எது என்று தெரியவில்லை. ஒரு வருடத்துக்குமேல் அந்த மீனைப் பொறாமையோடு அத்தனை தடவை உற்றுப் பார்த்திருக்கிறேன். அதற்கு என்ன அடையாளம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்காரரிடம் கேட்டேன். தெரணியகலைப் பக்கத்து டிரைவர் தந்ததா, அது போன வாரமே போய்விட்டதே, யாரோ வந்து எடுத்துக்கொண்டு போனார் என்றார். இருந்ததில் பெரிய மீசைக்காரனாகப் பார்த்து ஒன்றை வாங்கினேன்.

பஸ் இறங்கி நேராக லயத்துக்குப் போனேன். அவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தான். பையை நீட்டினேன்.

"நான்தான்டா எடுத்தேன்" என்றேன். "அது திங்கல. நீ மடுவுக்குப் போன அடுத்த நாள் நான்தான் எடுத்துக்கிட்டுப் போனேன்."

அவன் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"இது அவன் இல்ல" என்றான். "அவனுக்கு வாலுல ஒரு கிழிசல் இருக்கும்."

"தெரியும். அது கெடைக்கல. தேடுனேன்."

"ஒனக்கு வேணும்னா கேட்டிருக்கலாமேடா. நான்தான் குடுக்கிறேன்னு வாளியத் தூக்கிட்டு நின்னேனே."

"அதுதான்டா. நீ குடுத்து வேணாம்னு இருந்துச்சு."

இதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். அத்தனை வருடத்தில் அவனிடம் நான் சொன்ன ஒரே உண்மை அதுவாகத்தான் இருக்கும். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. துவாயால் காலைத் துடைத்தான்.

"எடுத்தத விடு" என்றான். "நான் அவனத் திட்டுனேன்டா. மூஞ்சிக்கு நேரா வச்சுத் திட்டுனேன். நீ பின்னாலயே நின்னுக்கிட்டு இருந்த."

குஞ்சுகளைக் கொண்டுவந்து தந்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். "ஒன் வீட்டுத் தண்ணியில வளந்துருச்சுங்க. அங்கயே இருக்கட்டும்." பையை உள்ளே கொண்டுபோய்த் தொட்டியில் மிதக்கவிட்டான். என்னை உள்ளே வரச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவன் சண்டை போடவில்லை, யாரிடமும் எதையும் சொல்லவுமில்லை. வழியில் பவுசரில் வரும்போது கையைத் தூக்குவான். முன்பு ஹோர்ன் அடித்து நிறுத்துவான், இப்போது நிறுத்துவதில்லை. தீபாவளிக்கு நான் பலகாரம் அனுப்பினேன், நத்தாருக்கு அவன் வீட்டிலிருந்து கேக் வந்தது. இரண்டையும் மனைவிமார்தான் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

என் தொட்டியில் குஞ்சுகள் வளர்ந்தன. ஏழாம் மாதம் ஒன்றுக்கு மீசை அரும்பியது, பிறகு இன்னொன்றுக்கு, பிறகு பலவற்றுக்கு. ஒரு காலத்தில் ஒரே ஒரு முளைக்காக டோர்ச்சோடு உட்கார்ந்தவன் நான். அவற்றைப் பார்த்தேன், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டேன். அதிபருக்கு நாலு பிடித்துக் கொடுத்தேன். "பரவால்லையே சேர், நீங்களும் பெரிய ஆளு" என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு என் காதில் குத்திக்கொண்டே வந்தது.

போன மாதம் ஒரு நாள் மனைவி பீலியிலிருந்து வந்து குடத்தை இறக்கும்போதே சொன்னாள்.

"அங்க முட்ட போட்டிருக்காம். நீங்க வாங்கிக் குடுத்தீங்களே, அந்த மீனுதான் அப்பனாம்."

முதலில் வந்தது பொறாமைதான். மறைக்க ஒன்றுமில்லை. அந்த மீன் என் கையால் தேர்ந்து வாங்கியது, அது அவன் வீட்டில் போய், அவன் பச்சைத் தண்ணீரில், அவன் உடைந்த குழாயில் இவ்வளவு நாளும் இருந்து இப்போது முட்டை காக்கிறதே என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் நல்லது என்று தோன்றியது. இந்த வரிசை எப்போதாவது மாறும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் அன்று செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக லயத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, போனேன்.

அவன் தொட்டிக்கு முன்னால் சின்னப் பலகைக்கட்டை போட்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்தான். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான். நான் குனிந்தேன். தூரத்திலிருந்து குழாய்க்குள் சரியாகத் தெரியவில்லை.

"கிட்ட வந்து பாருடா" என்றான். "கைய மட்டும் வைக்காத."